வெட்டி எறிந்த இடம்: 10 மி.மீ. ஆட்டோவும் கனத்த வார்ப்பு ஈயக் குண்டும்

1990 ஜனவரி 17 அன்று ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், வின்செஸ்டர் என்ற அமெரிக்க ஆயுத நிறுவனங்கள் சேர்ந்து .40 எஸ் அண்ட் டபிள்யூ என்ற தோட்டாவை அறிவித்தன (.40 என்பது அங்குலத்தில் குண்டின் விட்டம்). புதிய தோட்டா என்றார்கள். அது 10 மி.மீ. ஆட்டோ என்ற தோட்டாவின் பித்தளைக் கூட்டைக் குட்டையாக்கியது மட்டுமே. 25.2 மி.மீ. நீளமிருந்த கூடு 21.6 மி.மீ. ஆனது. எஃப்.பி.ஐ. கேட்ட வேகத்தைத் தர அவ்வளவு பெரிய கூடு தேவைப்படவில்லை. பழைய கூட்டில் பாதி காற்றுதான் இருக்கிறது, அதை ஏன் சுமக்க வேண்டும் என்பது பொறியாளர்களின் கேள்வி. நியாயமான கேள்விதான்.

அப்படி வெட்டப்பட்ட 3.6 மில்லிமீட்டரைப் பற்றியது இந்த ஆய்வு. காவல்துறைக்குப் பயனற்றதாகத் தோன்றிய அதே இடம்தான், வீட்டு மேசையில் சொந்தமாகத் தோட்டா அடைக்கும் அமெரிக்கர்களுக்கு, அதிலும் கனத்த வார்ப்பு ஈயக் குண்டை விரும்புகிறவர்களுக்கு, 10 மி.மீ. தோட்டாவின் முழு மதிப்பாக இருந்தது. தானியங்கிக் கைத்துப்பாக்கியில் கனத்த குண்டைச் சுடுவது எடைப் பிரச்சினை என்று பலரும் நினைக்கிறார்கள். அது இடப் பிரச்சினை.

தோட்டா அடைத்தல் அமெரிக்காவில் பரவலான பொழுதுபோக்கு. சொந்தப் பயன்பாட்டுக்கு அடைக்கக் கூட்டாட்சி உரிமம் வேண்டியதில்லை, விற்பதற்கு வேண்டும். இந்தியாவில் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் செய்யக்கூடாத வேலை. ஆகவே இது செய்முறைக் கையேடு அல்ல. எந்த வெடிமருந்து எத்தனை கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்) என்ற அளவுகளும் இதில் இல்லை. அவை அழுத்தமானி வைத்துச் சோதித்து அச்சிட்ட அட்டவணைகளில் இருக்க வேண்டியவை; கட்டுரைகளில் அல்ல.

ஈயம் பிறந்த வீடு

கனத்த வார்ப்புக் குண்டின் பிறந்த வீடு ரிவால்வர். இடாஹோவைச் சேர்ந்த எல்மர் கீத் (1899-1984) என்ற பண்ணைக்காரர் பல ஆண்டுகள் இதே வேலையாக இருந்தார். 1925 ஜூலை 4 அன்று .45 கோல்ட் ரிவால்வர் ஒன்றில் 300 கிரெயின் ரைஃபிள் குண்டை அடைத்துச் சுட்டபோது தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டரின் அறை பிளந்து, சட்டத்தின் மேல்பட்டையும் பிய்த்துக்கொண்டு போனது. கீத் பிழைத்துக்கொண்டார். அந்த ரிவால்வரில் .45 அறைகளின் சுவர் மெல்லியது; .44 துளையிட்டால் சுவரில் இரும்பு கூடுதலாக மிஞ்சும். அந்தக் கணக்கில் அவர் .44 ஸ்பெஷலுக்கு மாறினார். அதற்காக வடிவமைத்த 250 கிரெயின் வார்ப்புக் குண்டின் அச்சு இன்றும் விற்பனையில் இருக்கிறது. அவருடைய நச்சரிப்பின் பலனாக 1950களின் நடுவில் .44 மேக்னம் வந்தது.

கனத்த குண்டுக்கு ரிவால்வர் ஏன் அவ்வளவு இடம் கொடுக்கிறது? சிலிண்டருக்குள் தோட்டா அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. கூட்டின் பின்விளிம்பு அதைப் பிடித்துக்கொள்கிறது. குண்டின் பெரும்பகுதி கூட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும், சிலிண்டரின் முன்முகத்தைத் தாண்டாதவரை யாருக்கும் கவலையில்லை. வெளியே நீட்டிய எடை உள்ளே மருந்தின் இடத்தைத் தின்பதில்லை. குண்டின் மூக்கு சப்பையாக இருக்கலாம், விளிம்பு கூர்மையாக இருக்கலாம். அது எங்கும் ஏறி இறங்கிப் பயணிக்க வேண்டியதில்லை.

தானியங்கியில் இந்த வசதிகள் ஒவ்வொன்றாகப் பறிபோகின்றன. தோட்டா மேகசினுக்குள், அதாவது தோட்டாக்களை அடுக்கும் பெட்டிக்குள், அடங்க வேண்டும். ஆகவே மொத்த நீளத்துக்கு மேல்வரம்பு உண்டு. 10 மி.மீ. ஆட்டோவுக்கு அது 32 மி.மீ. துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு முன்னே பாயும்போது தோட்டா சரிவுப்பாதையில் மூக்கால் இடித்து ஏறி அறைக்குள் நுழைய வேண்டும். பின்விளிம்பு இல்லாத கூடு, அறைக்குள் தன் வாயின் ஓரத்தில்தான் நிற்கிறது. அதனால் ரிவால்வர் தோட்டாவைப்போல வாயைக் குண்டின் பள்ளத்துக்குள் உருட்டி மடிக்க முடியாது. மடித்தால் நிற்பதற்கு விளிம்பு இருக்காது. லேசாகச் சாய்த்து இறுக்கலாம், அவ்வளவுதான்.

பிரென் டென் முதல் எஃப்.பி.ஐ. வரை

10 மி.மீ. ஆட்டோ காவல்துறையின் கோரிக்கையில் பிறந்ததல்ல. ஜெஃப் கூப்பர் (1920-2006) என்ற முன்னாள் கடற்படைக் காலாட்படை அதிகாரியின் ஆசை அது: .45-ஐ விடத் தட்டையாகப் பறக்க வேண்டும், தூரத்திலும் அடிக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் டோர்னாஸ் அண்ட் டிக்சன் நிறுவனம் செக்கோஸ்லோவாக்கியாவின் சிஇசட் 75-ஐ ஒட்டி பிரென் டென் என்ற துப்பாக்கியைச் செய்தது. சுவீடனின் நார்மா நிறுவனம் தோட்டாவைச் செய்தது. 200 கிரெயின், அதாவது சுமார் 13 கிராம் குண்டு, விநாடிக்கு 1200 அடி, ஏறத்தாழ 366 மீட்டர் வேகம். ஆற்றல் 870 ஜூல் அளவுக்கு வருகிறது. அமெரிக்கப் படையின் பழைய .45 தோட்டா, 230 கிரெயின் குண்டை 850 அடி வேகத்தில் அனுப்பி, ஏறத்தாழ 500 ஜூலோடு நிற்கிறது.

1983-இல் பிரென் டென் தயாரிப்பைத் தொடங்கிய டோர்னாஸ் அண்ட் டிக்சன் 1986-இல் மூடப்பட்டது. பணம் கட்டியவர்களில் பலருக்குத் துப்பாக்கி வந்தும் மேகசின் வரவில்லை. 1987-இல் கோல்ட் நிறுவனம் தன் பழைய 1911 கைத்துப்பாக்கியின் வடிவத்தில் டெல்டா எலைட்டைக் கொண்டுவராமல் போயிருந்தால் தோட்டாவும் அத்தோடு செத்திருக்கும். டெல்டா எலைட்டின் சட்டத்தில் ஸ்லைடு நிறுத்தி நுழையும் துளைக்கு மேலுள்ள மெல்லிய பாலத்தில் விரிசல் விழுந்தது. கோல்ட் கண்ட தீர்வு எனக்குப் பிடித்தது: விரிசல் விழும் அந்தத் துண்டையே வெட்டி எடுத்துவிட்டார்கள். இல்லாத இடத்தில் எதுவும் விரிசல் விடாது.

இதற்கிடையில் 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்.பி.ஐ. முகவர்களுக்கும் இரண்டு வங்கிக் கொள்ளையர்களுக்கும் நடந்த மோதலில் முகவர்கள் இருவர் இறந்தனர், ஐவர் காயமுற்றனர். மைக்கேல் பிளாட் என்ற கொள்ளையனின் கையைத் துளைத்து மார்புக்குள் போன 9 மி.மீ. 115 கிரெயின் குண்டு இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அவன் சுட்டுக்கொண்டிருந்தான். பழி குண்டின் மீது விழுந்தது. உத்தியிலும் கவசத்திலும் ஆயுதத் தேர்விலும் நடந்த பிழைகளைப் பேசுவதைவிடக் குண்டைக் குற்றம் சொல்வது நிர்வாகத்துக்கு எளிது என்பது என் எண்ணம். எப்படியோ, குறைந்தது 12 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்ற விதி அங்கிருந்து பிறந்தது, எஃப்.பி.ஐ. 10 மி.மீ.க்கு வந்தது.

வந்தவர்களுக்கு முழு 10 மி.மீ. தேவைப்படவில்லை. உதை அதிகம், துப்பாக்கி பெரிது. 180 கிரெயின் குண்டை விநாடிக்குச் சுமார் 950 அடியில் அனுப்பினாலே அவர்களுடைய சோதனைகள் தேறின. அப்படித் தணித்து அடைத்த தோட்டாவில்தான் காற்று மிஞ்சியது. கூட்டைக் குறைத்தால் 9 மி.மீ. அளவுத் துப்பாக்கிக்குள்ளேயே அடக்கலாம் என்று கண்டார்கள். அதன்பின் கால் நூற்றாண்டு அமெரிக்கக் காவல்துறையின் இடுப்பில் .40 தொங்கியது. 10 மி.மீ. சில பிடிவாதக்காரர்களின் சொத்தாகச் சுருங்கியது.

கணக்கு

குண்டின் விட்டம் 10.16 மி.மீ. குறுக்குப்பரப்பு 81 சதுர மி.மீ. துப்பாக்கிக் குண்டுக்கான ஈயக் கலவையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 11 கிராம். இந்த மூன்று எண்கள் போதும், காகிதத்தில் எல்லாம் தெரிந்துவிடும்.

180 கிரெயின் குண்டிலிருந்து 220 கிரெயினுக்குப் போனால் கூடும் எடை 2.6 கிராம். கன அளவில் சுமார் 240 கன மி.மீ. விட்டம் மாறாது, எனவே குண்டு ஏறத்தாழ 3 மி.மீ. நீள்கிறது. தோட்டாவின் மொத்த நீளமோ 32-ல் பூட்டப்பட்டிருக்கிறது. மூக்கின் வடிவம் மாறாவிட்டால் அந்த 3 மி.மீ. முழுவதும் கூட்டுக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும். 10 மி.மீ. கூட்டின் மொத்தக் கொள்ளளவு ஒன்றரை கன சென்டிமீட்டரை ஒட்டியது; 180 கிரெயின் குண்டை உட்காரவைத்த பிறகு மிஞ்சுவது ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. அதிலிருந்து 0.24 போனால் மருந்துக்கான இடத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு காணாமல் போகிறது. குண்டு கனக்கக் கனக்க அதைத் தள்ள வேண்டிய வாயுவுக்கு இடம் குறைகிறது. அழுத்தம் இரண்டு பக்கமிருந்தும் ஏறுகிறது.

இதே கணக்கை .40-இல் போட்டுப் பார்த்தால் அந்த 3.6 மில்லிமீட்டரின் விலை புரியும். அங்கே 180 கிரெயின் குண்டுக்குப் பின்னால் மிஞ்சுவது 0.65 கன செ.மீ. அளவுதான். 220-ஐ அதற்குள் திணித்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். இதனால்தான் .40-இல் கனத்த குண்டு என்றால் 180 அல்லது 200-ஓடு பேச்சு நின்றுவிடுகிறது. 10 மி.மீ.யில் பேச்சு 200-இல் தொடங்குகிறது.

இன்னொரு விளைவும் உண்டு. மேகசினிலிருந்து ஏறும்போது குண்டின் மூக்கு சரிவில் இடித்து, குண்டு கூட்டுக்குள் பின்வாங்கலாம். ஒரு மில்லிமீட்டர் பின்வாங்கினால் 81 கன மி.மீ. இடம் போகிறது. .40-இல் அது மிஞ்சிய இடத்தில் எட்டில் ஒரு பங்கு, 10 மி.மீ.யில் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. வேகமாக எரியும் மருந்தில் அழுத்தம் இந்த விகிதத்தைவிட மிக அதிகமாக எகிறும். .40 துப்பாக்கிகள் வெடித்த பல நிகழ்வுகளின் பின்னால் பின்வாங்கிய குண்டுதான் முதல் சந்தேக நபர். ஒரே தோட்டாவை அறைக்குள் ஏற்றி, இறக்கி, மறுநாள் மீண்டும் ஏற்றும் பழக்கமுள்ள காவலர்களுக்கு இது ஏட்டறிவு அல்ல.

மேசையில் நடப்பது

வார்ப்பதில் ஈயம் மட்டும் போதாது. உலோகத்தின் கடினத்தை அளக்கும் பிரினெல் எண் தூய ஈயத்துக்கு 5. சக்கரச் சமன் எடைகளின் ஈயத்தில் 3 சதவீதம்போல ஆன்டிமனியும் கொஞ்சம் ஆர்செனிக்கும் உண்டு. அச்சிலிருந்து விழும் சூட்டோடு குண்டை நீரில் போட்டால் ஆர்செனிக் தன் வேலையைச் செய்து கடினம் ஏறுகிறது. லைனோடைப் ஈயம், அதாவது 84 ஈயம், 12 ஆன்டிமனி, 4 வெள்ளீயம் கொண்ட கலவை, 22 வரை போகும். நம் ஊர் அச்சகங்களில் எழுத்துக் கோத்த காலத்து ஈயமும் இதே குடும்பம்தான். சுருங்காமல் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிரம்புவதற்காக அதைக் கலந்தார்கள். குண்டு வார்ப்பவர்களுக்கும் அதே குணம்தான் வேண்டியிருந்தது. கலிஃபோர்னியா 2010 முதல் ஈயச் சக்கர எடைகளைத் தடை செய்த பிறகு பழைய இரும்புக்கடை வாளிகளில் துத்தநாக எடைகள் கலந்துவிட்டன. ஈயம் 327 பாகையில் உருகும், துத்தநாகம் 419-இல். அடுப்பை இடையில் வைத்துக்கொண்டால் துத்தநாகம் மேலே மிதக்கும், அள்ளி வீசலாம். கவனிக்காமல் விட்டால் முழுக் கொப்பரையும் கூழாகிக் கெடும்.

எவ்வளவு கடினம் தேவை என்பதற்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு: அழுத்தத்தை 1422-ஆல் வகுத்தால் வேண்டிய பிரினெல் எண் கிடைக்கும். 10 மி.மீ.யின் அமெரிக்கத் தொழில்தர உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 37,500 பவுண்டு, வகுத்தால் 26. லைனோடைப்பும் தோற்கும் எண் இது. ஆனால் 15-க்கும் 18-க்கும் இடைப்பட்ட குண்டுகளைக் குழலில் ஈயம் படியாமல் முழு வேகத்தில் சுடுகிறவர்கள் ஏராளம். சூத்திரம் தவறல்ல, அது சொல்வது ஈயம் எங்கே நெகிழத் தொடங்கும் என்பதை மட்டுமே. குழலில் ஈயம் படிவதற்கு நெகிழ்வைவிட முக்கியமான காரணம் குண்டுக்கும் குழலுக்கும் இடையே உள்ள இடுக்கு. அதன் வழியே சூடான வாயு பீறிட்டு, குண்டின் அடிப்பகுதியை வெல்டிங் விளக்குபோல அரித்து, அந்த ஈயத்தைக் குழல் சுவரில் பூசுகிறது. அதனால்தான் வார்ப்புக் குண்டைக் குழலின் உட்பள்ள அளவைவிட ஆயிரத்தில் ஓர் அங்குலம் பருமனாக, 0.401 அங்குலத்துக்கு அளவிடுகிறார்கள்.

10 மி.மீ.யில் கனத்த குண்டை அடைப்பவரின் தலைவலி தொடங்குவது இங்கேதான். அட்டவணைகளை மட்டும் படிப்பவர்களுக்கு இது கண்ணில் படாது. பித்தளைக் கூட்டின் சுவர் வாயில் மெல்லியது. அடியை நோக்கிப் போகப் போகத் தடிக்கும். செம்பு போர்த்திய 180 கிரெயின் குண்டின் அடி, சுவர் மெல்லியதாக இருக்கும் பகுதியிலேயே நின்றுவிடும். 3 மி.மீ. கீழிறங்கும் 220 கிரெயின் வார்ப்புக் குண்டின் அடி தடித்த சுவரில் போய் நெருக்குகிறது. பித்தளை ஈயத்தைவிடக் கடினம். எது விட்டுக்கொடுக்கும்? குண்டுதான். 0.401 என்று பார்த்துப் பார்த்து அளவிட்ட குண்டின் அடிப்பகுதி, கூட்டுக்குள் போனதுமே 0.399 ஆகிவிடக்கூடும். வாயு பீறிடக் கூடாத இடம் எதுவோ அங்கேயே இடுக்கு திறக்கிறது. பிறகு ஈயம் படிகிறது. அடைத்தவர் கலவை மென்மையாகிவிட்டது என்று நினைத்து இன்னும் கடினமாக்குகிறார், மசகை மாற்றுகிறார், மருந்தைக் குறைக்கிறார். ஒன்றும் எடுபடாது.

சோதனை எளிது: மருந்தும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாமல் ஒரு தோட்டாவை அடைத்து, குண்டைத் திரும்பப் பிடுங்கி, அடிப்பகுதியை மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். சுருங்கியிருந்தால் தீர்வு கலவையில் இல்லை. கூட்டின் வாயை விரிக்கும் முளையில் இருக்கிறது. கடையில் வரும் முளை பெரும்பாலும் செம்பு போர்த்திய குண்டுக்கு ஏற்ப மெலிந்தும் குட்டையாகவும் இருக்கும். வார்ப்புக் குண்டுக்கு அது பருமனாகவும், குண்டு இறங்கும் ஆழம்வரை எட்டுவதாகவும் இருக்க வேண்டும். ஆழமாக விரித்தால் குண்டின் மீதான பிடி தளரும். பிடி தளர்ந்தால் குண்டு பின்வாங்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வெளி மயிரிழை அகலம்தான். சுவர் மெல்லிய பித்தளையைத் தேடி வாங்குவது பல நேரங்களில் இதைவிட நல்ல வழி.

அடுத்தது மூக்கு. எடையை உள்ளே இறக்காமல் வெளியே வைக்க வேண்டுமானால் மூக்கைத் தடிப்பாக்கிச் சப்பையாக்க வேண்டும். அதே 6.8 மி.மீ. வெளிநீட்சியில் உருண்டை மூக்கைவிட அகன்ற தட்டை மூக்குக்கு அதிக ஈயம் பிடிக்கும். தசையில் வெட்டிப் போவதிலும் தட்டை மூக்குதான் மேல். ஆனால் ரைஃப்ளிங், அதாவது குழலின் உட்சுவரில் வெட்டிய சுருள் பள்ளம், தொடங்குமிடத்தில் குண்டின் தோள்பட்டை இடித்தால் துப்பாக்கி முழுதாகப் பூட்டாது. குழலைக் கழற்றி அறைக்குள் தோட்டாவைப் போட்டுப் பார்ப்பது இதற்குத்தான்: ணங்கென்று விழ வேண்டும், விரலால் சுழற்றினால் சுழல வேண்டும், கவிழ்த்தால் தானாக விழ வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் அடைத்ததை நிறுத்திவிட்டு அளவைப் பார்ப்பவர்களுக்கே விரல்கள் மிஞ்சும். வாயை இறுக்கிய பிறகு அதன் வெளிவிட்டம் 0.423 அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

மருந்தைப் பற்றி ஒன்று மட்டும். கனத்த குண்டுக்கு மெதுவாக எரியும், இடத்தை அடைக்கும் மருந்துகள் வேண்டும். முதல் காரணம், அழுத்தத்தின் உச்சம் தணிந்து, தள்ளுதல் நீள்கிறது. இரண்டாவது காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: அது கூட்டின் பாதிக்கு மேல் நிறைப்பதால் கவனம் பிசகி இரண்டு முறை ஊற்றினால் வழிந்து மேசையில் கொட்டும், கண்ணுக்குத் தெரியும். வேக மருந்தின் சிறு அளவு இரட்டிப்பானாலும் கூடு அதை அமைதியாக விழுங்கிக்கொள்ளும். காற்று மிஞ்சுவது வீண் என்று வெட்டியவர்கள், இந்தப் பாதுகாப்பையும் சேர்த்தே வெட்டினார்கள் என்று சொல்வது கொஞ்சம் அநியாயம். தொழிற்சாலையில் இரட்டை ஊற்று நடக்காதபடி எந்திரம் பார்த்துக்கொள்கிறது. வீட்டு மேசையில் பார்த்துக்கொள்ள மனிதன்தான் இருக்கிறான்.

குழலும் ஸ்பிரிங்கும்

10 மி.மீ. பிழைத்துக் கிடந்ததற்கு முக்கியக் காரணம் 1990களின் தொடக்கத்தில் வந்த குளோக் 20. வலிமையான துப்பாக்கி, 15 தோட்டா. ஆனால் அதன் குழல் பலகோணச் சுவர் கொண்டது. செம்பு போர்த்தாத ஈயக் குண்டைச் சுடாதீர்கள் என்று அதன் கையேடே சொல்கிறது. பலகோணச் சுவரில் ஈயம் சட்டென்று படிந்து, அடுத்தடுத்த குண்டுகளுக்கு வழி குறுகி, அழுத்தம் ஏறுகிறது என்பது விளக்கம். நான் நூறு குண்டைச் சுட்டேன், ஒன்றும் ஆகவில்லை என்பவர்கள் உண்டு. நூறாவது குண்டுக்குப் பிறகு குழலைத் துடைத்துப் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி. சுவரில் படியும் ஈயம் சத்தம் போட்டுப் படிவதில்லை.

பழைய குளோக் குழல்களில் இன்னொரு பலவீனமும் இருந்தது. தோட்டா எளிதாக ஏறுவதற்காகச் சரிவுப்பாதையை அறைக்குள் சற்று அதிகமாக வெட்டியிருந்தார்கள். அந்த இடத்தில் பித்தளைக்கு முட்டுக்கொடுக்க இரும்பு இல்லை. கனமாக அடைத்த தோட்டாவின் கூடு அங்கே பிறை வடிவில் உப்பும். அந்தப் பிறையைச் சுடுபவர்கள் சிரிப்பு என்று அழைத்தார்கள். துப்பாக்கியின் எச்சரிக்கைக்கு அவ்வளவு இனிப்பான பெயர் வைத்திருக்க வேண்டாம். உப்பிய கூட்டை அமுக்கி நேராக்கி மறுபடி அடைப்பது, பலவீனப்பட்ட பித்தளையை மறுபடி அதே பள்ளத்துக்கு அனுப்புவது. அதனால் வார்ப்புக் குண்டுக்காரர்கள் வழக்கமான உட்பள்ளமும் முழு முட்டும் கொண்ட மாற்றுக் குழலை வாங்குகிறார்கள். மாற்றுக் குழலின் அறை இறுக்கமானது. அதில் பொருந்த அடைப்பவர் இன்னும் துல்லியமாக அடைக்க வேண்டும்.

ஸ்பிரிங்கில் ஒரு தவறான உள்ளுணர்வு பரவலாக இருக்கிறது: கனத்த தோட்டாவுக்குக் கனத்த ஸ்பிரிங். குளோக் 20-இன் ஸ்பிரிங் 17 பவுண்டு வகை. 22, 24 என்று மாற்றுகிறார்கள். பின்னே பாயும் ஸ்லைடின் வேகம் குறைவது உண்மை. ஆனால் அதே ஸ்பிரிங்தான் ஸ்லைடை முன்னே விசிறுகிறது. முன்னே அதிக வேகத்தில் வரும் ஸ்லைடு தோட்டாவை அதிக வேகத்தில் சரிவில் மோதுகிறது. குண்டு பின்வாங்குவதற்கு வேறென்ன வேண்டும்? மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தூக்குவதற்குள் ஸ்லைடு கடந்துபோய்விடுவதும் உண்டு. ஓரிரு பவுண்டு கூட்டுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. உதை அதற்கும் மேல் இருந்தால் அது தோட்டா தரும் தகவல்; ஸ்பிரிங்கால் அதன் வாயை மூடக் கூடாது.

கரடிகள்

இவ்வளவு சிரமத்தையும் ஏன் படுகிறார்கள்? அலாஸ்காவில் ஓடைக்கரையில் மீன் பிடிப்பவர் இரண்டு கையிலும் வேலை வைத்திருப்பார். ரைஃபிள் மரத்தில் சாய்ந்திருக்கும். இடுப்பில் இருப்பதுதான் கையில் வரும். பழுப்புக் கரடியின் மண்டையோட்டையோ தோள் எலும்பையோ கடந்து உள்ளே போக, விரியாத, உடையாத, நேராகச் செல்லும் கனத்த தட்டை மூக்குக் குண்டு வேண்டும். விரிந்து நிற்கும்படி செய்யப்பட்ட காவல்துறைக் குண்டுக்கு இது முற்றிலும் எதிரான வேலை. குளிர்காலக் கிரீன்லாந்தில் ரோந்து செல்லும் டென்மார்க்கின் சிரியஸ் நாய்வண்டிப் படை, துருவக் கரடிக்காக வைத்திருக்கும் கைத்துப்பாக்கியும் குளோக் 20-தான்.

இங்கே அதிகப்படியான கடினம் காலை வாரும். முழு லைனோடைப் குண்டு எலும்பில் கண்ணாடிபோல நொறுங்கக்கூடும். வெள்ளீயம் கொஞ்சம் கூட்டி, ஆன்டிமனியைக் கட்டுக்குள் வைத்து, நீரில் போட்டுக் கடினமாக்கிய குண்டு தன் முழு எடையோடு கடந்துபோகும். சந்தையில் கிடைக்கும் ஆலைத் தோட்டாக்களில் 220 கிரெயின், 1200 அடி என்பது ஏறக்குறைய எழுதப்படாத தரமாகிவிட்டது.

அதே நேரத்தில் 2016 ஜூலையில் அலாஸ்காவின் அனுபவமிக்க வேட்டை வழிகாட்டி ஒருவர், தன்னோடு வந்தவர்களை நோக்கிப் பாய்ந்த பழுப்புக் கரடியை 9 மி.மீ. கைத்துப்பாக்கியால் கொன்றார். அவரிடம் இருந்தது 147 கிரெயின் கடின வார்ப்புக் குண்டு. இதைச் சொன்னால் 10 மி.மீ. ஆதரவாளர்கள் முகம் சுளிப்பார்கள். ஒரே நிகழ்வை வைத்து 9 மி.மீ. போதும் என்று முடிவுகட்டுவது சரியல்லதான். ஆனால் அந்த நிகழ்வில் வேலை செய்தது தோட்டாவின் பெயரா, குண்டின் வடிவமும் கடினமும்தானா என்று யோசித்தால் வார்ப்பு ஈயத்தின் பக்கம்தான் தராசு சாய்கிறது. 10 மி.மீ. ரிவால்வரின் .41 மேக்னத்துக்குச் சமம் என்ற பேச்சும் அடிக்கடி காதில் விழும். மிகைப்பேச்சு அது, முழுவதும் அடைத்த .41 தனி இனம்.

220-க்கு மேல் 230 கிரெயினும் விற்கிறார்கள். மேலே போட்ட கணக்கில் இன்னொரு 60 கன மி.மீ. போகும், வேகம் குறையும், குண்டின் அடி கூட்டின் இன்னும் தடித்த பகுதியில் போய் மாட்டும். கூடுதலாகக் கிடைப்பது பத்து கிரெயின், அதாவது 0.65 கிராம். நார்மா தொடக்கத்தில் தேர்ந்த 200 கிரெயினுக்கும் 220-க்கும் இடைப்பட்ட இடத்தில்தான் இந்தக் கூடு சிரமமில்லாமல் மூச்சுவிடுகிறது. மாற்றுக் குழல் இருந்து, பிடுங்கிப் பார்த்த குண்டின் அடி 0.401-இல் நின்றால் 220. நிற்காவிட்டால் 200-க்கு இறங்கி, மிஞ்சிய இடத்தை மருந்துக்கு விட்டுவிடலாம். எஃப்.பி.ஐ. 2010களின் நடுவில் .40-ஐயும் கைவிட்டு 9 மி.மீ.க்கே திரும்பிவிட்டது. 10 மி.மீ. துப்பாக்கிகளைப் புதிதாகச் செய்யும் நிறுவனங்களின் எண்ணிக்கை அதற்குப் பிறகுதான் கூடியது.